பூஜ்யம் போட்டவர்களின் கணக்கு

ஒரு குடும்பத்துக்கு 31 டாலர். குடும்பங்கள் 9 கோடியே 8 லட்சத்து 38 ஆயிரம். பெருக்கினால் 281 கோடியே 60 லட்சம் டாலர். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி எண்ணெயைக் கொட்டியது. அதனால் அமெரிக்க மக்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்கிட்டுச் சொல்லும்படி அலாஸ்கா மாநில அரசு கேட்டது. ரிச்சர்ட் கார்சன் தலைமையிலான குழு 1992-இல் கொடுத்த விடைதான் மேலே உள்ள பெருக்கல்.

அந்த 31 எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சந்தையில் விற்காத ஒன்றுக்கு விலை தெரிய வேண்டுமானால் மக்களிடம் போய் 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று கேட்பதைத் தவிர வழி அதிகம் இல்லை. கேட்டால் ஒரு பகுதியினர் 'ஒன்றும் கொடுக்க மாட்டேன்' என்பார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே அந்தக் கடல் ஒரு பொருட்டல்ல. சிலரிடம் பணம் இல்லை. இன்னும் சிலருக்குக் கடல்மேல் அக்கறை உண்டு, கொடுக்க வசதியும் உண்டு. கேள்வியையே அவர்கள் ஏற்கவில்லை. கொட்டியவன் கட்டட்டும் என்கிறார்கள், அல்லது இந்த அரசை நம்பிப் பணம் தரமாட்டேன் என்கிறார்கள், அல்லது கடலுக்கு விலை பேசுவதே தப்பு என்கிறார்கள். இந்த மூன்றாவது வகையை ஆய்வாளர்கள் எதிர்ப்புப் பதில் என்று தனியே பிரிக்கிறார்கள். படிவத்தில் மூன்று வகையும் ஒரே பூஜ்யமாகத்தான் விழும்.

கப்பல் கொட்டியது சுமார் 1 கோடியே 10 லட்சம் கேலன், ஏறத்தாழ 4 கோடி லிட்டருக்குச் சற்று மேல். எண்ணெய் படிந்த கரையின் நீளம் சுமார் 2,100 கி.மீ. செத்த கடற்பறவைகள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் என்றும் கடல் நீர்நாய்கள் 2,800 என்றும் மதிப்பிட்டார்கள். மீனவர் இழந்த வருமானத்துக்கு ரசீது காட்டலாம். அலாஸ்காவை ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவர், அது கெட்டுவிட்டதே என்று வருந்துவதற்கு எந்த ரசீதைக் காட்டுவது? 1989 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓஹியோ மாநிலம் அமெரிக்க உள்துறைக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அந்த வருத்தமும் இழப்புக் கணக்கில் சேரும் என்றும் அதை மக்களிடம் கேட்டு அளக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் கோடிக்கணக்கில் விலை வந்துவிட்டது.

அலாஸ்கா படிவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கே வருகிறார். வரைபடம் காட்டுகிறார், படங்கள் காட்டுகிறார், எத்தனை பறவை செத்தது என்று சொல்கிறார். சில ஆண்டுகளில் அந்தப் பகுதி தானாகவே தேறிவிடும், எந்த உயிரினமும் அழிந்துபோகாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் இதேபோல இன்னொரு விபத்து நேரக்கூடும் என்கிறார். அதைத் தடுக்க ஒவ்வொரு எண்ணெய்க் கப்பலுக்கும் துணைக்கப்பல்கள் போகும், கசிந்தால் வளைத்துப் பிடிக்கக் கடல்வேலி இருக்கும் என்று ஒரு திட்டத்தை விவரிக்கிறார். அலாஸ்காவிலிருந்து எண்ணெய் எடுக்கும் எல்லாக் கம்பெனிகளும் ஒருமுறை சிறப்பு வரி கட்டும், அது அவற்றின் லாபத்தைக் குறைக்கும் என்று முதலில் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் உங்கள் குடும்பமும் முதல் ஆண்டில் மட்டும், ஒரே ஒரு தடவை, மத்திய வரியோடு சேர்த்து இவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று வருகிறது. அதன் பிறகு, இதற்கு எதிராக ஓட்டுப் போடவும் நியாயமான காரணங்கள் உண்டு, கட்ட முடியாமல் இருக்கலாம், வேறு செலவு முக்கியமாகப் படலாம் என்று அவரே வாசித்துக் காட்டுகிறார். கடைசியில்தான் கேள்வி: இத்திட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?

இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும், எழப்போகிற ஓர் எதிர்ப்பைக் குறிவைத்தே எழுதியிருக்கிறார்கள். கம்பெனியின் வரியை முதலில் சொல்வது 'கொட்டியவன் கட்டட்டும்' என்பதற்காக. 'ஒரு தடவை மட்டும்' என்பது, வரி என்று ஒன்று வந்தால் போகவே போகாது என்கிற சந்தேகத்துக்காக. நடந்த சேதத்துக்குப் பதில் வரப்போகிற விபத்தைத் தடுப்பது பற்றிக் கேட்பது மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவு. 'எக்ஸான் செய்த சேதத்துக்கு நீங்கள் எவ்வளவு கட்டுவீர்கள்' என்று நேராகக் கேட்டிருந்தால் எந்த மனிதர் பொறுத்துக்கொண்டிருப்பார்? வரிக்குப் பதில் பெட்ரோல் விலையில் ஏற்றுவதாகக் கேட்டிருந்தாலும் வினைதான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்த பிறகு பெட்ரோல் பங்க்கில் விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதோடு, அந்த விலையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவனும் எண்ணெய்க் கம்பெனிதானே.

1,043 பேர் பதில் சொன்னார்கள். அணுகியவர்களில் 75 சதவீதம். நான்கு வகைப் படிவங்கள், நான்கு தொகைகள். 10 டாலர் கேட்டபோது 67 சதவீதத்தினர் சரி என்றார்கள். 30 டாலருக்கு 52, 60 டாலருக்கு 50, 120 டாலருக்கு 34. முதல் தொகைக்குச் சரி சொன்னவரிடம் கூடுதலாக இன்னொரு தொகையும், மறுத்தவரிடம் குறைத்து ஒரு தொகையும் கேட்டார்கள்.

இங்கே ஒரு விநோதம். 60 டாலரை முதலிலேயே கேட்டபோது பாதிப்பேர் சரி என்றார்கள். இன்னொரு கட்டுப் படிவத்தில் முதலில் 30 கேட்டு, அதற்குச் சரி என்ற பிறகு 60 கேட்டார்கள். அந்தக் கட்டில் இரண்டுக்கும் சரி சொன்னவர்கள் மொத்தத்தில் 26 சதவீதம்தான். 120 டாலர் முதல் கேள்வியாக வந்தால் 34, 60-க்குப் பின் இரண்டாவதாக வந்தால் 21. கடல் அதே கடல், திட்டம் அதே திட்டம், தொகையும் அதேதான். முப்பது என்று சொல்லிவிட்டு உடனே அறுபது என்று ஏற்றினால், இவர்கள் நிஜக் கணக்கைச் சொல்கிறார்களா, நம்மிடம் எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கிறார்களா என்கிற எண்ணம் வருவது இயற்கை. படிவமே உண்டாக்கிய எதிர்ப்பு இதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண்ணிப் பிரிக்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இரண்டு பதில்களையும் சேர்த்துப் பொருத்தியதால்தான் நடுமதிப்பு 31 டாலருக்கு இறங்கியது. பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் என்று பொருள்.

முதல் பதிலை மட்டும் வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிகக் கஞ்சத்தனமான கணக்கு: ஒருவர் எந்தத் தொகைக்குச் சரி சொன்னாரோ அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்க மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். 10-க்கும் 30-க்கும் நடுவே நின்றுவிடுகிற 15 சதவீதத்தினர் ஆளுக்கு 10 டாலர், அது 1.50. அடுத்த 2 சதவீதம் 30 டாலர், 0.60. அடுத்த 16 சதவீதம் 60 டாலர், 9.60. கடைசி 34 சதவீதம் 120 டாலர், 40.80. மிச்சம் 33 சதவீதத்தினருக்கு, அதாவது 10 டாலரும் மறுத்தவர்களுக்கு, பூஜ்யம். கூட்டினால் சராசரி 52.50 டாலர். குடும்ப எண்ணிக்கையால் பெருக்கினால் ஏறத்தாழ 477 கோடி. இரண்டு பதில்களின் நடுமதிப்பை எடுப்பதா முதல் பதிலின் சராசரியை எடுப்பதா என்பதிலேயே 195 கோடி டாலர் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இனி அந்த 33 சதவீதத்துக்கு வருவோம். பதில் சொன்ன நூறு பேரில் இந்த 33 பேர் என்றால், அவர்களில் பத்துப் பேர் எதிர்ப்பாளர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது என் ஊகக் கணக்கு, ஆய்வின் எண் அல்ல. இவர்கள் கேள்வியையே ஏற்காதவர்கள், இவர்களுடைய பூஜ்யம் மதிப்பைச் சொல்லவில்லை என்று வாதாடி நீக்கிவிட்டால் 100 என்ற வகுத்தி 90 ஆகிறது. 52.50 டாலர் 58.33 ஆகிறது. தலைக்கு 5.83 டாலர்தான் கூடுதல். மொத்தத்தில் அது 53 கோடி டாலர். 1991 அக்டோபரில் எக்ஸான் கம்பெனி சிவில் வழக்கைத் தீர்க்க ஒப்புக்கொண்ட முழுத் தொகையே 90 கோடி டாலர்தான். ஒரு மேசையில் உட்கார்ந்து பத்துப் படிவத்துக்கு ஒரு படிவம் வீதம் தனிக்கட்டில் எடுத்து வைப்பதன் விலை, அந்தச் சமரசத் தொகையில் பாதிக்கும் மேல்.

அலாஸ்கா குழு அந்தப் பக்கம் போகவில்லை. நிச்சயமில்லை என்றவர்களையும் மறுத்தவர்களோடு சேர்த்தார்கள். ஆங்கிலம் பேசாத குடும்பங்களைப் பெருக்கலிலேயே சேர்க்கவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் தொகை குறைகிற பக்கமே சாய்ந்தார்கள். வழக்கு மன்றத்தில் நிற்க வேண்டிய எண் என்பதால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: எண்ணெய்க் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று கோபத்தோடு சொன்ன ஒருவர், அந்தக் கம்பெனி கட்ட வேண்டிய தொகையைத் தன் பூஜ்யத்தால் குறைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

எதிர்ப்பாளர் யார் என்று முடிவுகட்டுவது ஒரே ஒரு கேள்வி. பூஜ்யம் போட்டவரிடம் 'ஏன்?' என்று கேட்டு, பதிலை ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். 'வசதி இல்லை', 'எனக்கு இது முக்கியம் இல்லை' என்றால் மெய்ப் பூஜ்யம். 'மாசுபடுத்தியவர் கட்டட்டும்', 'பணம் வேறெங்கோ போகும்' என்றால் எதிர்ப்பு. 'ஏற்கெனவே வேண்டிய அளவு வரி கட்டுகிறேன்' என்றால்? கையில் மிச்சமில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், வரி முறையின் மேல் வெறுப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வாளருக்கு ஆய்வாளர் இந்த ஒரு வரி இடம் மாறுகிறது.

மாறினால் என்ன ஆகும்? ஒரு சின்ன உதாரணம். 10 லட்சம் குடும்பங்கள் உள்ள ஒரு நகரம், 100 பேரிடம் ஏரி ஒன்றைத் தூர்வாருவது பற்றிக் கேட்கிறோம். 50 பேர் ஆளுக்கு 200 ரூபாய் தருகிறார்கள், 20 பேர் மெய்ப் பூஜ்யம், 30 பேர் எதிர்ப்பு. எல்லாப் பூஜ்யமும் பூஜ்யமே என்றால் சராசரி 100 ரூபாய், நகரத்துக்கு 10 கோடி. எதிர்ப்பாளர் 30 பேரையும் நீக்கினால் 10,000 ரூபாயை 70 பேருக்கு வகுக்க வேண்டும்: சுமார் 143 ரூபாய், நகரத்துக்கு 14 கோடியே 29 லட்சம். அந்த 30 பேரில் 10 பேர் 'ஏற்கெனவே வரி கட்டுகிறேன்' என்றவர்கள், அவர்களை மெய்ப் பூஜ்யத்தில் சேர்த்துவிட்டால் வகுத்தி 80. சராசரி 125, நகரத்துக்கு 12 கோடியே 50 லட்சம். தூர்வாரும் செலவு 12 கோடி என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் திட்டம் தோற்கிறது, மற்ற இரண்டிலும் ஜெயிக்கிறது. ஏரிக்கரையில் எதுவும் மாறவில்லை.

நீக்குவதில் இன்னொரு கோளாறும் உண்டு. எதிர்ப்பாளர்களும் மற்றவர்களைப் போலவே சராசரியாக மதிப்பார்கள் என்று நாம் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஏரியை அதிகம் நேசிப்பதால்தான் கோபப்பட்டார்கள் என்றால் தொகை குறைவு. அந்த ஊர் அரசால் பலமுறை ஏமாந்த ஏழைகள் என்றால் தொகை அதிகம். 2000-இல் ஆஸ்திரேலியாவின் ஜோர்கென்சனும் சைமும் மழைநீர் வடிகால் மாசைக் குறைப்பது பற்றிய கணக்கெடுப்பில் காட்டிய விஷயம் இன்னும் சங்கடமானது. அதே எதிர்ப்பு எண்ணங்கள், பணம் தரச் சம்மதித்தவர்களிடமும் இருந்தன. பூஜ்யம் போட்டவரிடம் மட்டும் 'ஏன்?' என்று கேட்பதால் மற்றவரின் மனக்குறை படிவத்தில் ஏறுவதே இல்லை. ஜெர்மனியின் மேயர்ஹோஃப், லீபே இருவரும் 2010-இல் பல நாட்டுக் கணக்கெடுப்புகளைத் திரட்டி ஆராய்ந்தபோதும், எதிர்ப்பின் அளவைக் கணக்கெடுப்பின் வடிவத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பை மிகக் கடுமையாகக் கிளப்புகிற கேள்வி எது என்றால், 'இதை இழக்க எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள்' என்பதுதான். கடல் பொதுச்சொத்து என்றால் நியாயப்படி அதைத்தான் கேட்க வேண்டும். உடைமைக்காரனிடம் நஷ்டஈடு பற்றித்தானே பேச முடியும்? 1974-இல் வெளியான ஆய்வுக்காக ஹாமக், பிரவுன் இருவரும் வாத்து வேட்டைக்காரர்களிடம் கேட்டார்கள். ஈரநிலத்தைக் காக்கத் தருவதாகச் சொன்னது சராசரி 247 டாலர். விட்டுக்கொடுக்கக் கேட்டது 1,044. 1979-இல் வெளியான ஆய்வுக்காக பிஷப்பும் ஹெபர்லைனும் விஸ்கான்சினில் கூஸ் வாத்து வேட்டை உரிமங்களை நிஜப் பணம் கொடுத்தே திரும்ப வாங்கினார்கள்: அப்படி வந்த மதிப்பு 63 டாலர். வெறும் பேச்சாக 'எவ்வளவு வாங்குவீர்கள்' என்றால் 101, 'எவ்வளவு தருவீர்கள்' என்றால் 21. நிஜம் நடுவில் இருந்தது. அனல்மின் நிலையப் புகை பற்றி 1980-இல் ரோவும் கூட்டாளிகளும் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் நஷ்டஈட்டுக் கேள்வி கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் பதில் சொல்ல மறுத்தார்கள் அல்லது எந்தத் தொகையும் போதாது என்றார்கள். பாதிப்பேரின் பதிலை அள்ளிக்கொண்டு போகிற கேள்வியை வைத்து யாரும் கணக்கு எழுத முடியாது. அதனால்தான் எல்லாரும் 'எவ்வளவு தருவீர்கள்' பக்கம் ஒதுங்கினார்கள். இது வசதிக்காகச் செய்த மாற்றம். மக்களை உடைமைக்காரர் நிலையிலிருந்து வாங்குபவர் நிலைக்கு இறக்கிவிட்டது என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

எக்ஸான் தரப்பும் சும்மா இருக்கவில்லை. அதன் ஆதரவில் டெவோஸ்ஜஸ் குழு அட்லாண்டாவின் ஷாப்பிங் மால்களில் ஆட்களை நிறுத்திக் கேட்டது: கழிவு எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள்? 2,000 பறவைக்கு 80 டாலர், 20,000 பறவைக்கு 78, இரண்டு லட்சத்துக்கு 88. பறவை நூறு மடங்கானாலும் பணம் அசையவில்லை, ஆகவே இந்த முறையே பொய் என்றார்கள். சண்டை முற்றியதும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற நோபல் பரிசு பெற்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தலைமையில் குழு அமைத்தது. 1993 ஜனவரியில் அது வகுத்த விதிகளில் நம் கணக்குக்கு வேண்டியவை: நேரில் போய்க் கேள், ஓட்டுப்போல ஆம் - இல்லை என்று கேள், 'ஓட்டுப் போட விரும்பவில்லை' என்பதற்கும் கட்டம் வை, குறைந்தது ஆயிரம் பேரிடம் கேள், ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஏன் என்று கேட்டு எழுது. அந்தக் காரணங்களுக்கு உதாரணமாகக் குழு தானே குறிப்பிட்ட ஒன்று: எண்ணெய்க் கம்பெனிகள் கட்ட வேண்டும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனியின் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தபோது இந்த விதிகள் கைவசம் இருந்தன. 3,600-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டார்கள். சேதத்தின் பட்டியலைச் சிறிதாகக் காட்டியபோது குடும்பத்துக்கு 136 டாலர், பெரிதாகக் காட்டியபோது 153. இம்முறை பணம் அசைந்தது. 153-ஐ 11 கோடியே 26 லட்சம் குடும்பங்களால் பெருக்கி 1,720 கோடி டாலர் என்று 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பே முடிந்த சமரசத்தில் இயற்கைவளச் சேதத்துக்கென்று ஒதுக்கியது 880 கோடி வரை.

நம் நாட்டில் இவ்வளவு செலவு செய்து கேட்பது அபூர்வம். மும்பையின் போரிவிலி தேசியப் பூங்காவைப் பற்றி 1997-இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அதைக் காப்பதற்குக் குடும்பத்துக்கு மாதம் 7 ரூபாய் 50 காசு தருவதாக மக்கள் சொன்னார்கள். ஆண்டுக்கு 90 ரூபாய். பூங்காவின் பட்ஜெட் அப்போது 1 கோடியே 70 லட்சம். 1 லட்சத்து 89 ஆயிரம் குடும்பங்கள் சொன்னபடி கட்டினாலே பட்ஜெட் நிறைந்துவிடும். மும்பையில் அதைப்போல எத்தனை மடங்கு குடும்பங்கள்! தொகையை யார் வசூலிப்பது, எந்தக் கணக்கில் போடுவது என்று சொல்வதைப் பொறுத்து அந்த 7.50 ஏறும், இறங்கும். நம் ஊர்களில் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாநகராட்சி வரி என்றால் ஒரு பதில், குடியிருப்போர் சங்கச் சந்தா என்றால் இன்னொரு பதில்.

எதிர்ப்பைத் தணிக்கும் படிவத்தை எழுதுவது நல்ல வேலை. தணியாமல் மிச்சமிருப்பதை ஒளிக்காமல் அச்சிடுவதும் அதே அளவு அவசியம் என்பது என் கட்சி: இத்தனை பேர் பூஜ்யம், இன்னின்ன காரணம், பூஜ்யமாகவே வைத்தால் இவ்வளவு, நீக்கினால் இவ்வளவு. ஒரே தொகையை மட்டும் அரசிடம் நீட்டினால், யார் கட்ட வேண்டும் என்று மக்கள் சொன்ன பதில் அதற்குள் கரைந்துபோகிறது.

அப்படிக் கரையாத ஒரு பதிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ககாடு பகுதியில் கொரோனேஷன் ஹில்லில் தங்கம், பிளாட்டினச் சுரங்கம் வரலாமா என்ற விவாதத்தில் வளமதிப்பீட்டு ஆணையம் 1990-இல் நாடு முழுக்க 2,034 பேரிடம் கேட்டது. பெரிய பாதிப்பு என்று விவரித்தால் அதைத் தவிர்க்க ஆளுக்கு ஆண்டுக்கு 123 ஆஸ்திரேலிய டாலர் 80 சென்ட், சிறிய பாதிப்பு என்றால் 52.80. சுரங்கத்துக்கு அருகில் வாழும் வட மண்டலத்தினரிடம் கேட்டபோது 14.53, 7.48. எந்த எண்ணை எடுப்பது என்று பெரிய சர்ச்சை நடந்தது. அந்த மண்ணின் ஜாவோயின் மக்களோ, அங்கே புலா என்னும் படைப்புச் சக்தி உறைகிறது, தோண்டினால் நோயும் பேரழிவும் வரும் என்று சொல்லி, சுரங்கத்தை ஏற்க மறுத்து நின்றார்கள். 1991 ஜூனில் பிரதமர் பாப் ஹாக் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தார். அவர் காட்டிய காரணம் ஜாவோயின் மக்களின் அந்த மறுப்பு.